பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பூதத்தை விடுவது எப்படி?

குழந்தைகளுக்குச் சிரிப்புக் கதை எழுத வேண்டும், அதில் ஒரு பூதமோ குறளியோ பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து கலாட்டா பண்ண வேண்டும், நாலைந்து பிள்ளைகளோடு கூட்டுச் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், எழுத உட்காரும் முன் இரண்டு கேள்விக்குப் பதில் யோசித்துக்கொள்ளுங்கள். அந்தப் பூதத்தால் என்ன செய்ய முடியாது? அதற்கு இந்தப் பிள்ளைகளால் ஆக வேண்டிய காரியம் என்ன? இவை தெரிந்துவிட்டால் கதை பாதி முடிந்த மாதிரி. அதை விட்டுவிட்டு "அதற்கு எல்லா மந்திரமும் தெரியும், பயங்கரக் குறும்பு" என்று ஆரம்பித்தால் மூன்றாவது அத்தியாயத்திலேயே வண்டி நின்றுவிடும். எல்லாம் தெரிந்த பூதம் எந்தச் சிக்கலையும் ஒரே சொடக்கில் தீர்த்துவிடும், அப்புறம் பிள்ளைகளுக்குக் கதையில் என்ன வேலை?

நான் இங்கே சொல்வதெல்லாம் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கான கதைகளைப் பற்றி. அதற்குக் கீழே என்றால் படம்தான் கதை சொல்லும், எழுதுகிறவருக்கு அங்கே வேலை கம்மி. அதற்கு மேலே போனால் அவர்கள் பூதத்தை நம்புவது போல நடிக்கக்கூட மாட்டார்கள்.

யாரைப் பிடிப்பது?

நம்மிடம் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பூதம், வேதாளம், குறளி, குட்டிச்சாத்தான், கொள்ளிவாய்ப் பிசாசு, முனி, காட்டேரி, மோகினி என்று பாட்டிமார்கள் சேர்த்து வைத்துவிட்டுப் போன கூட்டம் பெரிசு. ஆனாலும் புதிதாக எழுத வருகிறவர்கள் ஏனோ கூம்புத் தொப்பி போட்ட குள்ளனையும் இறக்கை வைத்த தேவதையையும்தான் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அவற்றுக்கு நம் ஊர் வெயிலும் தெரியாது, புளியமரமும் தெரியாது. நீங்கள் ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கும், விளக்க ஆரம்பித்தால் சிரிப்பு போய்விடும்.

சரி, நம் ஆட்களில் யாரை எடுப்பது? முதல் வடிகட்டல் இது: பேய் வேண்டாம், பூதம் நல்லது. பேய் என்றால் செத்துப்போன யாரோ. "அது செத்ததுக்கு முன்னாடி யாரு? எப்படிச் செத்துச்சு?" என்று இரண்டாவது பக்கத்திலேயே ஒரு பிள்ளை கேட்கும், அதற்கு என்ன பதில் சொன்னாலும் சிரிப்புக் கதை அழுகைக் கதையாகத் திரும்பிவிடும். பூதம் யாரும் செத்து வந்ததில்லை, அது முதலிலிருந்தே பூதம். குறளியும் அப்படித்தான். மோகினி, காட்டேரி எல்லாம் பெரியவர்களின் பயத்திலிருந்து வந்தவை, அவற்றைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். முனியை நான் எடுக்க மாட்டேன். பல ஊர்களில் முனி இன்னும் எல்லையில் நின்று படையல் வாங்கிக்கொண்டிருக்கிற சாமி. ஒரு வீட்டின் குலசாமியைக் கோமாளியாக்கி அந்த வீட்டுப் பிள்ளை கையிலேயே புத்தகத்தைக் கொடுப்பது நன்றாக இருக்காது.

குட்டிச்சாத்தானிடம் நல்ல சரக்கு இருக்கிறது. ராத்திரியில் ஓட்டின் மேல் கல் விழும், கொதிக்கிற சோற்றுப் பானையில் மண் விழும், மடித்து வைத்த துணி தானாகத் தீப்பிடிக்கும் என்றெல்லாம் ஊரில் சொல்வார்கள். முதல் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவதைப் பிள்ளைகள் கதையில் தொடாதீர்கள். இதில் ஒரு சங்கடம், குட்டிச்சாத்தானை யாரோ ஒரு மந்திரவாதி ஏவிவிட்டிருப்பான், ஆக அவனையும் கதைக்குள் கொண்டுவந்தாக வேண்டும். அந்த மந்திரவாதி இதன் தொல்லை தாங்காமல் வேலையை விட்டு நிறுத்திவிட்டான் என்று ஆரம்பித்தால் கொஞ்சம் சுலபம். குறளி சின்ன உருவம், புத்தகப் பைக்குள் அடங்கும், தெரு வித்தைக்காரன் பழக்கத்தில் பொருளை மறைப்பதும் கொண்டுவருவதும் தெரியும். ரப்பர், ஸ்கேல், ஷார்ப்னர் காணாமல் போவதை வைத்தே ஒரு கதை ஓட்டலாம். கொள்ளிவாய்ப் பிசாசு என்றால், சதுப்பு நிலத்தில் மக்கிய குப்பையிலிருந்து கிளம்புகிற வாயு எரிவதைத்தான் ஜனங்கள் அப்படிச் சொன்னார்கள் என்று அறிவியல் டீச்சர் வகுப்பில் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பின்பெஞ்சில் அது உட்கார்ந்து "நான் வாயுவா?" என்று கோபித்துக்கொள்ளலாம். வாயைத் திறந்தால் தீ வருமே, பாவம் அது எப்படித் தயிர்சாதம் சாப்பிடும் என்று யோசித்தாலே இரண்டு அத்தியாயம் வரும்.

எனக்குப் பிடித்த ஆள் இவர்கள் யாரும் இல்லை. சிலப்பதிகாரத்தில், இந்திர விழவு ஊரெடுத்த காதையில், பூம்புகாரின் நாற்சந்தியில் ஒரு பூதம் நிற்கிறது. சதுக்க பூதம். போலித் துறவி, துரோகம் செய்கிற அமைச்சர், பொய்ச்சாட்சி சொல்கிறவர், முதுகுக்குப் பின்னால் கோள் சொல்கிறவர் என்று ஒரு பட்டியலே வைத்துக்கொண்டு, கையிலுள்ள கயிற்றால் கட்டிப் பிடித்து அடித்துத் தின்னும். அது கத்தினால் நாலு காதத் தொலைவுக்குக் கேட்குமாம். அதே காதையில் நாளங்காடியில், அதாவது பகல் சந்தையில், இன்னொரு காவல் பூதம், அதற்கு மறக்குடிப் பெண்கள் புழுக்கல், எள்ளுருண்டை, பொங்கல் எல்லாம் படைக்கிறார்கள். இதைப் படிக்கும்போதே உங்களுக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வரவில்லையா? பொய் சொல்கிறவர்களும் கோள்மூட்டுகிறவர்களும் காலை ஒன்பது மணிக்கு ஒரே இடத்தில் வரிசையாக வந்து நிற்கிற இடம் வேறு எது?

ஆக என் பூதம், சதுக்க பூதத்தின் பேரன். நாளங்காடிப் பூதம் அதற்குச் சித்தப்பா முறை. பழைய புகார் நகரத்தைக் கடல் கொண்டதில் சந்தியும் போயிற்று, வேலையும் போயிற்று, கயிறு மட்டும் கையில் மிச்சம். பள்ளி, இன்றைய பூம்புகார்ப் பக்கத்தில் கடற்கரைக் கிராமம் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் சதுக்கு. இனிமேல் உதாரணத்துக்கெல்லாம் சதுக்குவையே கூப்பிடுகிறேன், நீங்கள் உங்கள் ஊர்க் கதையில் தேடி உங்கள் ஆளைக் கண்டுபிடியுங்கள். கோயில் கோபுரத்தைத் தாங்குகிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பூதகணங்களைப் பார்த்தாலே ஒன்று மாட்டும், அத்தனை வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்தவனுக்குக் கால் மரத்துப்போயிருக்காதா?

ஒரு சட்டம், ஒரு பலவீனம்

மாயாஜாலத்துக்குச் சட்டம் போடுங்கள். ஒன்றே ஒன்று, பத்து வயசுப் பிள்ளை ஒரு வரியில் திருப்பிச் சொல்கிற மாதிரி. சதுக்குவின் சட்டம்: பக்கத்தில் யாராவது பொய் சொன்னால் அதற்கு விக்கல் வரும். தாத்தா பொய்யர்களைத் தின்றார், பேரனுக்கு ஜீரண சக்தி இல்லை, அவ்வளவுதான். சின்னப் பொய்க்குச் சின்ன விக்கல், பெரிய பொய்க்குக் கூரை ஓடு ஆடும். பலவீனம்: அதற்கு ரகசியம் பேசவே வராது. பரம்பரைக் குரல். காதோடு காதாகச் சொல்கிறேன் என்று குனிந்து சொன்னால் சீர்காழி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார்.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, எந்தப் பள்ளிக்கூடக் காட்சியை எடுத்தாலும் கலாட்டா தானாக வருகிறதா என்று பாருங்கள். பரீட்சையில் பிட் சொல்லித் தருகிறேன் என்று சதுக்கு உதவிக்கு வந்தால் ஏழாவது கேள்வியின் விடை ஊருக்கே தெரியும், அன்றைக்கு அந்த வட்டாரத்தில் எல்லாப் பள்ளியிலும் அந்தக் கேள்விக்கு முழு மார்க். கண்ணாமூச்சி விளையாட முடியாது. பிறந்தநாளுக்கு யாருக்கும் தெரியாமல் கேக் வாங்கி வைக்க முடியாது. குறும்பு பூதத்தின் சுபாவத்திலிருந்து வர வேண்டும். "அது குறும்பான பூதம், அதனால் மையைக் கொட்டியது" என்று எழுதினால் அது வெறும் தொல்லை. நல்லது செய்ய வந்து அதன் சுபாவத்தாலேயே எல்லாம் கவிழ்ந்தால்தான் சிரிப்பு வரும், கூடவே அதன் மேல் ஒரு பாசமும் வரும்.

நம் நாட்டுப்புறக் கதையில் ஏற்கெனவே இருக்கிற ஒரு இயந்திரத்தையும் கடன் வாங்கலாம். வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், வேலை இல்லாவிட்டால் எஜமானையே விழுங்கிவிடும் பூதம். கிணறு வெட்டச் சொன்னால் நொடியில் வெட்டும், வயலை உழச் சொன்னால் நொடியில் உழும், கடைசியில் நாய் வாலை நிமிர்த்தச் சொல்லித் தப்பிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் இதை எப்படி வைப்பது? "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளை வரிசையாக நிற்க வை." அவ்வளவுதான், பூதம் ஆயுசுக்கும் முடிக்காது. முன்னால் நிற்பவனை நிமிர்த்தினால் பின்னால் நிற்பவள் ஒண்ணுக்குப் போக வேண்டும் என்பாள், அவளை அனுப்பினால் நடுவில் இருவர் செருப்பு மாற்றிப் போட்டிருப்பார்கள். பழைய இயந்திரத்துக்குப் புது எண்ணெய் போட இப்படி ஒரே ஒரு இடத்தை மாற்றினால் போதும்.

பள்ளிக்கூடத்தைச் சரியாகக் கட்டுங்கள்

கற்பனைக் கதையில்தான் நிஜ விவரம் அதிகமாக வேண்டும். பூதத்தை நம்ப வைக்க வேண்டுமென்றால் அது மோதிக்கொள்கிற பெஞ்சு நிஜமாக இருக்க வேண்டும். "அழகான கிராமத்தில் ஒரு பள்ளி இருந்தது" என்று போய்விடாதீர்கள். மணிக்குத் தொங்குகிற தண்டவாளத் துண்டு, அதை அடிக்கிற உரிமைக்கு நாலாம் வகுப்பில் நடக்கிற சண்டை, வகுப்பறையில் பூட்டியே இருக்கிற பீரோ, சத்துணவு முட்டையை உரித்து வெள்ளையை முதலில் தின்று மஞ்சளைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிற பிள்ளை, பிரேயரில் வெயில் முகத்தில் அடிக்க ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற பிள்ளை, இப்படி. தனியார் பள்ளி என்றால் வேன் அங்கிள், டை, டைரியில் கையெழுத்து, பேரன்ட்ஸ் மீட்டிங் என்று வேறு உலகம். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள், தெரியாவிட்டால் ஒரு நாள் போய் மதிய இடைவேளையில் உட்கார்ந்து பாருங்கள், கேட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு.

பள்ளிக்கூடத்தின் அட்டவணையே உங்களுக்குக் கதை அமைப்பையும் கொடுத்துவிடும். காலை உணவு, பிரேயர், முதல் பீரியட், இடைவேளை, சாப்பாடு, பி.டி., வீட்டு மணி. ஒவ்வொரு மணிக்கும் ஒரு சம்பவம். 2022-இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு அரசுத் தொடக்கப் பள்ளியின் நாள் சமையல் வாசனையோடுதான் ஆரம்பிக்கிறது. புதன்கிழமை பொங்கல். சித்தப்பா வாங்கித் தின்ற படையலின் வாசனை இத்தனை நூற்றாண்டு கழித்துக் கடற்கரைக் காற்றில் வந்தால் சதுக்கு சும்மா இருக்குமா? அது பள்ளிக்கு வந்து சேர்ந்த காரணமே எனக்கு இப்படித்தான் கிடைத்தது. அதனால் கதை ஒரு புதன்கிழமையில் ஆரம்பிக்கிறது.

பிரேயரையும் விடாதீர்கள். தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தார்கள், 55 விநாடியில் பாட வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்பது அரசாணை. பூதத்தை 55 விநாடி ஆடாமல் அசையாமல் வாயைத் திறக்காமல் நிற்க வைப்பது என்று ஒரு அத்தியாயம் போடலாம். மூக்கில் ஒரு ஈ உட்காருகிறது. எட்டாவது விநாடியில் உட்காருகிறது. மீதி நாற்பத்தேழையும் ஒவ்வொன்றாக எழுதுங்கள், அவசரப்படாதீர்கள். பாட்டைக் கேலி செய்யாமல், நிற்கத் தெரியாதவனின் அவஸ்தையை மட்டும் எழுத வேண்டும், அந்த வித்தியாசம் முக்கியம்.

முதல் சந்திப்பு

பல பேர் இங்கே மின்னல், இடி, புகை எல்லாம் வரவழைக்கிறார்கள். வேண்டாம். தினமும் நடக்கிற ஒரு விஷயத்தில் ஒரு சின்ன ஓட்டை விழட்டும். இப்படி வைத்துப் பாருங்கள்:

"வீட்டுப்பாட நோட்டு எங்கே?" என்றார் டீச்சர்.

"மாடு தின்னுடுச்சு டீச்சர்" என்றான் முத்து.

பீரோவுக்குள்ளிருந்து 'விக்' என்று ஒரு சத்தம்.

"யாருடா அது?"

"யாரும் இல்ல டீச்சர்" என்றாள் வெண்ணிலா. அவளுக்கும் யார் என்று தெரியாது, ஆனால் வகுப்பில் அப்படிக் கேட்டால் அப்படித்தான் பதில் சொல்ல வேண்டும்.

பீரோ அமைதியாக இருந்தது. வெண்ணிலா சொன்னதை அவள் உண்மை என்றே நினைத்துச் சொன்னாள் போல.

"எந்த மாடு?"

"பக்கத்து வீட்டு மாடு டீச்சர். கணக்கு நோட்டைத் தின்னுட்டு தமிழ் நோட்டைத் தேடுச்சு டீச்சர்."

விக்! பீரோவின் மேலிருந்த பூகோள உருண்டை கீழே விழுந்து உருண்டு வாசலைத் தாண்டிப் போனது. அதே நேரம் பக்கத்து அறையில் எச்.எம். போனில் பேசிக்கொண்டிருந்தார்: "எல்லாப் பதிவேடும் தயாரா இருக்கு சார், நீங்க எப்ப வேணாலும் வரலாம்."

தண்டவாளத் துண்டு தானாக ஏழு முறை அடித்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

இதில் என்ன நடந்திருக்கிறது பாருங்கள். பூதம் இன்னும் முகத்தைக் காட்டவில்லை. ஆனால் சட்டம் என்ன என்று படிக்கிற பிள்ளைக்குப் புரிந்துவிட்டது, கதையில் இருக்கிற பிள்ளைகளுக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. அதுதான் அந்த வயசுக்காரர்களுக்குப் பெரிய சந்தோஷம், "எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது". பெரியவர்களும் பொய் சொல்கிறார்கள், அது இன்னும் பெரிய விக்கல் என்பதையும் யாரும் உபதேசம் செய்யாமலே சொல்லியாயிற்று. எச்.எம்.மை வில்லனாக்கவும் இல்லை, பதிவேடு எழுதி முடிக்காத மனுஷன், அவ்வளவுதான்.

எதற்குச் சிரிப்பார்கள், எதற்குச் சிரிக்க வைக்கக் கூடாது

சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற ஆள் என்றால் எட்டு வயசுக்கு உயிர். நம் பேச்சு வழக்கில் அதற்குத் தீனி கொட்டிக்கிடக்கிறது. "இந்தப் பசங்க என் தலையைத் திங்கிறாங்க" என்று டீச்சர் சொன்னதும் பூதம் ஓடிவந்து டீச்சர் தலையை எல்லாப் பக்கமும் பரிசோதிக்கும். "ஆளு கம்பி நீட்டிட்டான்" என்றால் எத்தனை அடிக் கம்பி என்று கேட்கும். "காதுல பூ சுத்தாதே" என்றதைக் கேட்டுவிட்டு மறுநாள் செம்பருத்தியோடு வரும். ஒரு அத்தியாயத்துக்கு ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள், நாலு வைத்தால் பெரியவர்கள் எழுதி வைத்த ஜோக் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பூதத்தின் பேச்சும் ஒரு சிரிப்பு ஊற்று. சதுக்கு பழைய ஆள், "யான் சதுக்கத்து நின்றேன். நீவிர் யாவிர்?" என்றுதான் ஆரம்பிக்கும். முத்து உடனே, "டேய், இது மனப்பாடப் பகுதிடா!" என்று ஓட்டம் எடுப்பான். போகப் போக அது பிள்ளைகளிடம் பேச்சுத் தமிழ் கற்றுக்கொள்ளும், ஆனால் அரைகுறையாக. "யான் செம பசியில் உள்ளேன் மச்சி" என்கிற இடத்தில் பிள்ளைகள் உருளுவார்கள். இதையும் அளவாக. பழைய தமிழ் ஒரு வரிக்கு மேல் போனால் படிக்கிற பிள்ளைக்கு நிஜமாகவே பாடப் புத்தகம் ஞாபகம் வந்துவிடும்.

சாப்பாடும் பசியும் எப்போதும் வேலை செய்யும். அந்தக் காலத்திலேயே ஜெயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பசித்த பேய்களைக் கூட்டிப் போர்க்களத்தில் கூழ் சமைக்க விட்டு, குருட்டுப் பேய்க்கு எப்படி ஊற்றுவது, ஊமைப் பேய்க்கு எப்படி ஊற்றுவது என்று பந்தி விசாரிக்கிறார். அங்கே கூழுக்கு எதைப் போடுகிறார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம், ஆனால் பசித்த பேய்க்கூட்டத்தின் பந்தியில் எத்தனை கலாட்டா இருக்கும் என்பதைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. சத்துணவு வரிசையில் பூதம் தட்டோடு நிற்கிற காட்சியை எழுதும் முன் ஒரு தரம் புரட்டிப் பாருங்கள்.

குண்டு, கறுப்பு, திக்குவாய், மாறுகண் என்று உடம்பை வைத்துச் சிரிப்பு மூட்டாதீர்கள். பூதம் என்றாலே கரிய உருவம், பெருத்த வயிறு என்று எழுதிப் பழகிய கை நம்முடையது. ஆனால் உங்கள் கதையைப் படித்த மறுநாளே வகுப்பில் ஒரு பிள்ளைக்கு 'பூதம்' என்று பட்டப்பெயர் விழும். சதுக்குவை நான் அலை ஒதுக்கிய பாசியின் பச்சை நிறத்தில் வைத்தேன், மழை பெய்தால் கொஞ்சம் வெளுக்கும். அடிக்கிற வாத்தியாரை வைத்துச் சிரிப்பதும் வேண்டாம், அடி சிரிப்பு இல்லை.

நட்பு எப்படி வரும்

பொய் சொன்னால் விக்கல் வருகிற பூதத்துக்கு யார் வேண்டும்? பொய்யே சொல்லாத பிள்ளை வேண்டும் என்று நினைப்பீர்கள், நானும் முதலில் அங்கேதான் போவேன். ஆனால் அது உப்புச்சப்பில்லாத நட்பு. பூதத்துக்குத் தேவை விக்கலை நிறுத்தத் தெரிந்த ஆள். வெண்ணிலா தற்செயலாக ஒரு உண்மையைச் சொல்கிறாள், சாதாரண உண்மை இல்லை, சொல்லக் கூச்சப்படுகிற உண்மை: "எனக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியாது, தெரிஞ்ச மாதிரி வாயசைக்கிறேன்." விக்கல் நின்றுவிடுகிறது. அன்றிலிருந்து பூதம் அவளை விடாது, தனக்கு மருந்து அவளிடம் இருக்கிறது. அவளுக்கோ, யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்திருக்கிறது, ஆனால் அந்த ஆளுக்கு ரகசியம் காக்கத் தெரியாது, குரல் நாலு காதம் போகும். இங்கே சட்டமும் பலவீனமும் ஒன்றோடொன்று முட்டுகிறது. கதையின் நடுப்பகுதி முழுக்க இந்த முட்டலில்தான் ஓட வேண்டும். வெளியிலிருந்து ஒரு வில்லன், புதையல், பள்ளியை இடிக்க வரும் பணக்காரன் எல்லாம் கொண்டுவர வேண்டாம்.

பிள்ளைகள் பூதத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் அவர்களின் சுபாவத்திலிருந்து வரட்டும். பொய்யர்களைக் கட்டுகிற அந்தப் பரம்பரைக் கயிற்றை அவர்கள் ஸ்கிப்பிங் கயிறாக்கிவிடுவார்கள். பூதம் அதிர்ந்துபோய் நிற்கும், அப்புறம் "ஒரு முறை யானும்" என்று கேட்கும். பெரியவர்களில் ஒருவருக்கு மட்டும் முதலிலிருந்தே எல்லாம் தெரிந்திருக்கட்டும், ஆனால் கண்டுகொள்ளாமல் இருக்கட்டும். சத்துணவு ஆயா நல்ல பொருத்தம். ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுவிட்டு, "உன்கூட வந்தவனுக்கும் சேர்த்துத்தான் கண்ணு" என்று போய்க்கொண்டே இருப்பார், அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு விளக்கமும் வேண்டாம்.

வெண்ணிலாவோடு இருக்கிற மற்ற பிள்ளைகள் மூன்றுக்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொருவரும் வேறு மாதிரி பொய் சொல்ல வேண்டும். முத்து கதை கட்டுவான். இன்னொருத்தி அம்மா மனசு கஷ்டப்படக் கூடாதென்று "வயிறு நிறைஞ்சிடுச்சு" என்பாள், அந்தப் பொய்க்குச் சதுக்குவுக்கு விக்கல் வருமா வராதா? எழுதிக்கொண்டே வரும்போது உங்களுக்கே தெரியாத இப்படி ஒரு கேள்வி வந்தால் கதை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். சிலப்பதிகாரத்திலும், அடைக்கலக் காதையில், பொய்ச்சாட்சி சொன்னவனின் தாய் அழுவதைப் பார்த்துக் கோவலன் "அவனுக்குப் பதில் என்னை எடுத்துக்கொள்" என்று பூதத்திடம் கேட்கிறான், பூதம் மறுத்துவிடுகிறது. தாத்தா ரொம்பக் கறார். பேரன் எப்படி என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

பயம் எத்தனை சிட்டிகை

கொஞ்சம் வேண்டும், முழுக்க எடுத்துவிட்டால் சுவை இருக்காது. பயம் பகலில், கூட்டத்தில், சத்தத்தோடு வரட்டும். ராத்திரி, தனியாக, கழிப்பறை, கட்டிலுக்கு அடியில் ஆகிய நான்கையும் தவிர்த்துவிடுங்கள், படித்துவிட்டுத் தூங்காத பிள்ளையின் அம்மா உங்களைத்தான் திட்டுவார். பூதத்தின் முழு உருவத்தைக் காட்டும்போது கூடவே ஒரு கோமாளித்தனம் இருக்கட்டும்: வாசலில் இடித்துக்கொள்வது, சின்னப் பெஞ்சில் உட்கார்ந்து மாட்டிக்கொள்வது.

எழுதும் கை

வாக்கியம் சின்னதாக இருக்கட்டும், ஆனால் எல்லாமே சின்னதாக இருந்தால் மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். பூதம் ஓடும்போது வாக்கியமும் அதன் பின்னாலேயே நீளமாக ஓடலாம். கதை சொல்லும் பகுதி எளிய எழுத்துத் தமிழ், பிள்ளைகள் பேசுவது பேச்சுத் தமிழ். வட்டார வழக்கு வேண்டும், ஆனால் உச்சரிப்பை அப்படியே எழுத்தில் பிழிந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை திணறும். நீண்ட புணர்ச்சிகளைப் பிரித்து எழுதுங்கள், 'பள்ளிக்கூடத்திற்கெதிரிலுள்ள' என்பதைப் 'பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிற' என்று எழுதினால் தமிழ் ஒன்றும் கெட்டுப்போகாது. எந்த அளவு எளிமை என்று குழப்பமாக இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை வாங்கிப் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் கதை 'ஓடு'வா 'பற'வா என்று நீங்களே பொருத்திப் பார்க்கலாம். ஒரு அத்தியாயம் அறுநூறு எழுநூறு சொல்லுக்குள் முடிந்தால் தூங்கும் முன் ஒருவர் வாய்விட்டுப் படிக்கச் சரியாக இருக்கும்.

எழுதி முடித்ததும் நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள், அவர்கள் "சூப்பர்" என்பார்கள். நாலைந்து பிள்ளைகளை உட்கார வைத்து வாய்விட்டுப் படியுங்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காதீர்கள், கால்களைப் பாருங்கள். கால் ஆட ஆரம்பிக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, அங்கே வெட்டு. "பிடிச்சிருக்கா?" என்று கேட்கக் கூடாது, மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். பாதியில் நிறுத்திப் புத்தகத்தை மூடுங்கள், "அப்புறம்?" என்று யாராவது கேட்டால் போதும். யாருமே கேட்காவிட்டால் கோளாறு அந்தப் பக்கத்தில் இருக்காது, இரண்டு பக்கம் முன்னால் எங்கேயோ பூதத்துக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

முடிவில் பூதத்தை அழுதுகொண்டே ஊருக்கு அனுப்புவதும், "ஆகவே குழந்தைகளே, பொய் சொல்லக் கூடாது" என்று விரலை நீட்டுவதும் வேண்டவே வேண்டாம். பொய் சொல்லக் கூடாதென்று சொல்ல அவர்களுக்கு வீட்டில் நாலு பேர், பள்ளியில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். என் கதையில் வட்டாரக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வருகிறார், எச்.எம். முதல் தடவையாக "பதிவேடு இன்னும் முடியலை சார்" என்று சொல்லிவிடுகிறார், பீரோவுக்குள் பூதம் நிம்மதியாக மூச்சு விடுகிறது. அலுவலர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை, நான்லாம் உங்க வேலையில இருந்தப்ப ஒரு நாள்கூட பாக்கி வச்சதில்லை" என்கிறார். அங்கே முடித்துவிடலாம், அடுத்து என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்கே தெரியும்.

பிறகு அனுப்புகிற வேலை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஊஞ்சல், தேன்சிட்டு என்று இதழ்கள் வருகின்றன, சிறுவர் நூல் மட்டுமே போடுகிற பதிப்பகங்களும் இருக்கின்றன. அனுப்பும் முன் இரண்டு மூன்று இதழ்களைப் படித்து அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓவியரிடம் போகும்போது கதையோடு கூட ஒரு தாளில் பூதத்தின் நிறம், உயரம், கயிறு எந்தக் கையில், பீரோ வாசலுக்கு எந்தப் பக்கம் என்றெல்லாம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மூன்றாம் பக்கத்தில் வலது கையில் இருந்த கயிறு பதினாறாம் பக்கத்தில் இடது கைக்கு வந்திருந்தால், அதைக் கண்டுபிடித்துக் கேட்க ஒரு பிள்ளை கட்டாயம் இருக்கும், அப்போது தெரியாமல் நடந்துவிட்டது என்றே சொல்லுங்கள், பூதம் கை மாற்றிக்கொண்டது என்று சமாளிக்கப் போனால் உங்களுக்கே விக்கல் கேட்கும்.